கணக்குப் பார்ப்பது குற்றமா?

நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பத்திரிகைத் தொழிலில் காலம் கழித்தவன் நான். அரசியல் எழுதினேன். நீதிமன்றச் செய்திகள் எழுதினேன். ஆள் இல்லாத நாட்களில் விளையாட்டுப் பக்கத்தையும் பொறுப்பேற்றுச் செய்தேன். ஆனால் சொஃப்ட்போல் என்னும் விளையாட்டைப் பற்றி ஒருநாள் கட்டுரை எழுதுவேன் என்று கனவிலும் நினைத்ததில்லை. இன்று எழுத நேர்ந்திருக்கிறது. காரணம், பதின்மூன்று வயதுப் பிள்ளை ஒருத்திக்கு நடந்த சிறியதோர் அநீதி. சிறியதுதானே என்று விட்டுவிடலாம். ஆனால் பெரிய அநீதிகளை எந்த வாதங்களைச் சொல்லி உலகம் நியாயப்படுத்துகிறதோ, அதே வாதங்களை இந்தச் சிறிய அநீதிக்காகவும் என் காதுபடச் சொன்னார்கள். அதுதான் என்னைப் பேனா எடுக்க வைத்தது.

கடந்த கோடையில் ரொறன்ரோவில், ஸ்காபரோப் பகுதியில் வசிக்கும் என் மகளின் வீட்டில் தங்கியிருந்தேன். பேத்தி பதினான்கு வயதுக்குட்பட்ட பெண்களின் சொஃப்ட்போல் அணியொன்றில் விளையாடுகிறாள். மாலை வேளைகளில் மருமகன் காரில் ஏற்றிச் செல்வார். மடக்குக் கதிரையில் அமர்ந்து, வேலிக்கு இப்பால் இருந்து பார்ப்பேன். வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கும் பழக்கம் என்னிடம் இல்லை. கையில் ஓர் அப்பியாசக் கொப்பியும் பேனாவும் இல்லாமல் நான் எந்தக் கூட்டத்துக்கும் போனவனல்லன். ஆகவே இரண்டாவது ஆட்டத்திலிருந்து குறிப்பெடுக்கத் தொடங்கினேன். யார் துடுப்பெடுத்தாட வந்தார், தளத்தை அடைந்தாரா, ஆட்டமிழந்தாரா என்ற மூன்றே நிரல்கள். வேறொன்றும் இல்லை.

சில வாரங்களில் அந்தக் கொப்பி பேசத் தொடங்கியது.

இருபத்தொரு ஆட்டமிழப்புகள்

விளையாட்டை அறியாத வாசகர்களுக்காகச் சிறு விளக்கம். சொஃப்ட்போல் என்பது பேஸ்போலின் தங்கை. 1887 இல் சிக்காகோவில், ஒரு படகுக் கழகக் கட்டடத்தின் உள்ளே விளையாட்டாகத் தொடங்கியது. பேஸ்போலில் தளங்களுக்கிடையே தொண்ணூறு அடி. இதில் அறுபது அடி. பேஸ்போலில் ஒன்பது இன்னிங்ஸ், இதில் ஏழு. ஒவ்வோர் இன்னிங்ஸிலும் மூவர் ஆட்டமிழந்தால் முறை மாறும். ஆக, ஓர் அணிக்கு ஓர் ஆட்டத்தில் கிடைக்கும் மொத்தச் செல்வம் இருபத்தொரு ஆட்டமிழப்புகள். அவற்றைச் செலவழித்து ஓட்டங்களை வாங்க வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு.

கிரிக்கட்டோடு வளர்ந்த நமக்கு இங்கே ஒரு வேறுபாடு முக்கியமானது. கிரிக்கட்டில் துடுப்பாட்ட வரிசை ஒருமுறைதான் ஓடும். முதலாமவர் போய், பதினோராமவர் வரை வந்தால் கதை முடிந்தது. சொஃப்ட்போலில் வரிசை சக்கரம்போலச் சுழலும். ஒன்பதாமவர் ஆடிய பின் மீண்டும் முதலாமவர். ஓர் இன்னிங்ஸ் எந்த இடத்தில் நின்றதோ, அடுத்த இன்னிங்ஸ் அதற்கடுத்த இடத்திலிருந்து தொடங்கும்.

இதிலிருந்து எளிய கணக்கொன்று பிறக்கிறது. ஆட்டம் முடியும்போது சக்கரம் ஒன்பது இடங்களில் ஏதோ ஓரிடத்தில் நிற்கும். முதலாம் இடத்தில் நின்றால், அன்று முதலாமவருக்கு இரண்டாமவரைவிட ஒரு முறை கூடுதல். அது நிகழும் வாய்ப்பு ஏறத்தாழ ஒன்பதில் ஒன்று. இப்படியே ஒவ்வோர் இடம் கீழே இறங்கும்போதும் ஓர் ஆட்டத்துக்கு ஒன்பதில் ஒரு வாய்ப்புக் குறைகிறது. அமெரிக்கத் தொழில்முறைப் பேஸ்போலில் ஓர் அணி ஆண்டுக்கு 162 ஆட்டங்கள் ஆடுகிறது. ஆகவே ஓர் இடத்துக்கும் அடுத்த இடத்துக்கும் இடையே ஆண்டுக்குப் பதினெட்டு வாய்ப்புகள் வித்தியாசம். முதலாம் இடத்துக்கும் ஒன்பதாம் இடத்துக்கும் இடையே 144. பதினெட்டு ஆட்டங்கள் மட்டுமே ஆடும் ஒரு சிறுவர் அணியிலும்கூட, ஒன்பதாவதாக நிறுத்தப்படும் பிள்ளை முதலாவது பிள்ளையைவிடப் பதினாறு முறை குறைவாகவே துடுப்பெடுத்தாடுவாள்.

இதற்குக் கணினி தேவையில்லை. வகுத்தலும் பெருக்கலும் தெரிந்தால் போதும். யாரை முன்னால் நிறுத்துகிறோமோ அவருக்கே அதிக வாய்ப்பைக் கொடுக்கிறோம். அப்படியானால் அடிக்கடி தளத்தை அடைபவர்தாமே முன்னால் நிற்க வேண்டும்?

ஆனால் வழக்கம் அப்படிச் சொல்லவில்லை. வழக்கத்தின் கட்டளை வேறு: முதலாவதாக வேகமாக ஓடுபவர், இரண்டாவதாகப் பந்தை மெல்லத் தட்டிவிட்டுத் தன்னைத் தியாகம் செய்யத் தெரிந்தவர், மூன்றாவதாக மிகச் சிறந்தவர், நான்காவதாகப் பலசாலி, கடைசியில் 'மற்றவர்கள்'. பேத்தியின் அணியிலும் இதே வரிசைதான். நான்காம் இடத்தில் பயிற்றுவிப்பாளரின் மகள். ஒன்பதாம் இடத்தில் மெலிந்த, வாய் திறவாத ஒரு பிள்ளை.

என் கொப்பியின்படி, அந்த மெலிந்த பிள்ளை வந்த முறைகளில் ஏறத்தாழப் பாதியில் தளத்தை அடைந்திருந்தாள். பெரிய அடிகள் எதுவுமில்லை. பொறுமையாக நின்று, தவறான பந்துகளைத் தொடாமல் விட்டு, நான்கு தவறான பந்துகளுக்குப் பரிசாகக் கிடைக்கும் இலவச நடையைப் பெற்று முதலாம் தளத்துக்குப் போய்விடுவாள். யாரும் கைதட்டவில்லை. யாருக்கும் அது நினைவிலும் இல்லை. நான்காம் இடத்துப் பிள்ளையோ மூன்றில் ஒரு முறைகூடத் தளத்தை அடையவில்லை. ஆனால் அவள் ஒருநாள் அடித்த ஒரு நீண்ட அடி எல்லோருடைய மனத்திலும் இருந்தது.

ஒரு பத்திரிகையாளர் செய்த பிழை

இந்த மறதிக்கு ஒரு வரலாறு உண்டு. அந்த வரலாற்றின் தொடக்கத்தில் நிற்பவர் என் தொழிலைச் சேர்ந்தவர் என்பதைக் கூச்சத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

ஹென்றி சாட்விக் இங்கிலாந்தில் 1824 இல் பிறந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த பத்திரிகையாளர். நியூயோர்க்கில் கிரிக்கட் செய்திகள் எழுதிவந்தவர் பின்னர் பேஸ்போலின் பக்கம் திரும்பினார். இன்றைக்கும் அமெரிக்கப் பத்திரிகைகளில் வெளிவரும் ஆட்டப் புள்ளி அட்டவணைக்கு உருவம் கொடுத்தவர்களில் முதன்மையானவர் அவரே. கிரிக்கட்டின் சராசரியைப் பின்பற்றித் துடுப்பாட்டச் சராசரி என்னும் அளவையையும் பரப்பினார். பெரும் பணிதான். ஆனால் இலவச நடை என்பது எறிபவரின் பிழை, துடுப்பாட்டக்காரரின் திறமையன்று என்பது அவர் கருத்து. ஆகவே சராசரியில் அதற்கு இடமில்லை. 1887 ஆம் ஆண்டு ஒரேயொரு பருவத்துக்கு மட்டும் நடைகளையும் அடிகளாக எண்ணினார்கள். மறு ஆண்டே கைவிட்டார்கள். அதன்பின் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு! தளத்தை அடையும் விகிதம் என்பது 1984 இல்தான் பெரிய லீக்கின் அதிகாரபூர்வப் புள்ளிவிபரமாயிற்று. தளத்தில் நிற்பவனுக்குத் தான் அடித்து வந்தானா, நடந்து வந்தானா என்பது ஒரு பொருட்டல்ல. அவனை வீட்டுத் தளத்துக்குக் கொண்டுவரும் அடுத்த அடிக்கும் பொருட்டல்ல. ஆயினும் எண்ணப்படாதது இல்லாததாகவே கொள்ளப்பட்டது.

எண்ண முயன்றவர்கள் இருந்தார்கள். கனடாவின் மொன்றியலில் பிறந்த அலன் ரோத் என்பவரை 1947 இல் புறூக்ளின் டொட்ஜர்ஸ் அணி முழுநேரப் புள்ளிவிபரவியலாளராகப் பணிக்கு அமர்த்தியது. அமர்த்தியவர் பிறாஞ் றிக்கி. அதே ஆண்டில் ஜக்கி ரொபின்சன் என்ற கறுப்பின வீரரைக் களமிறக்கி, பெரிய லீக்கில் அறுபது ஆண்டுகளாக நிலவிய நிறத்தடையை உடைத்தவரும் அவரே. 1949 இல் ரொபின்சன் நான்காம் இடத்தில் ஆடி 124 ஓட்டங்களை உள்ளே கொண்டுவந்து, ஆண்டின் மிகப் பெறுமதிமிக்க வீரர் விருதையும் பெற்றார். 1970களில் கன்சாஸ் மாநிலத்தில் ஓர் உணவுத் தகர ஆலையில் இரவுக் காவலாளியாக இருந்த பில் ஜேம்ஸ் என்பவர், காவல் நேரங்களில் கணக்குகளைப் போட்டு 1977 இல் தன் கைச்செலவில் நூலாக வெளியிட்டார். வழமைபோல விளையாட்டுப் பக்கங்கள் சிரித்தன. ஒரு கால் நூற்றாண்டு கழித்து பொஸ்ரன் அணி அவரைத் தன் ஆலோசகராக்கிக்கொண்டது. 86 ஆண்டுகள் கிண்ணத்தைக் காணாத அந்த அணி 2004 இல் அதை வென்றது.

துடுப்பாட்ட வரிசையைப் பற்றி இந்தக் கணக்கர்கள் கண்டது என்ன? 2006 இல் ரொம் ராங்கோவும் இருவரும் சேர்ந்து எழுதிய நூல் அதைத் தொகுத்துச் சொன்னது. அணியின் மிகச் சிறந்த மூவர் முதலாம், இரண்டாம், நான்காம் இடங்களில் நிற்க வேண்டும். மூன்றாம் இடமன்று. ஏன்? முதலிருவரும் மூன்றில் ஒரு முறை தளத்தை அடைபவர்கள் என்று வையுங்கள். இருவரும் ஆட்டமிழக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஏறத்தாழ நாற்பத்தைந்து. அதாவது, முதல் இன்னிங்ஸில் பாதிக்குச் சற்றுக் குறைந்த முறைகளில் மூன்றாமவர் வருவது இருவர் ஆட்டமிழந்து, தளங்கள் வெறுமையாக இருக்கும் வேளையில். அரண்மனை விருந்துக்குச் சமைக்கத் தெரிந்தவரை வெறும் அடுப்பின் முன் நிறுத்துவது போன்றது அது.

இரண்டாமவரின் 'தியாகம்' பற்றியும் கணக்கு உண்டு. பெரிய லீக்கில் எவரும் ஆட்டமிழக்காமல் முதலாம் தளத்தில் ஒருவர் நின்றால், அந்த இன்னிங்ஸில் சராசரியாக முக்கால் ஓட்டத்துக்குச் சற்று மேல் எதிர்பார்க்கலாம். ஒருவரைப் பலி கொடுத்து அவரை இரண்டாம் தளத்துக்கு நகர்த்தினால் அந்த எதிர்பார்ப்பு முக்காலுக்குக் கீழே இறங்கிவிடுகிறது. தியாகம் என்று பெயர் வைத்துக் கைதட்டினோம், கைதட்டியபடியே இழந்தோம்.

இன்று பெரிய லீக் இதை ஏற்றுக்கொண்டுவிட்டது. பிலடெல்பியா அணியின் கைல் சுவாபர் 2023 இல் .197 என்ற சராசரியோடு, அதாவது பழைய கண்ணுக்கு வெட்கக்கேடான எண்ணோடு, பருவத்தின் பெரும்பகுதி முதலாம் இடத்தில் ஆடினார். அவர் வேக ஓட்டக்காரருமல்லர். ஆனால் 126 நடைகள், 47 ஹோம் ரன்கள். தளத்தை அடையும் விகிதம் .343. ஷோஹெய் ஒஹ்தானி போன்ற மாபெரும் அடியாளரையே முதலாவதாக அனுப்புகிறார்கள். கோடிக்கணக்கான டொலர்களைப் பணயம் வைத்தவர்கள் வழக்கத்தைக் கைவிட்டார்கள். வேலிக்குப் பின்னால் கோப்பி குடித்துக்கொண்டிருப்பவர்கள்தான் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

அவர்கள் சொன்ன பதில்கள்

பருவத்தின் நடுவில் என் கணக்கை ஒரு தாளில் எழுதினேன். இங்கே ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். கணக்கு என் பேத்திக்குச் சாதகமாக இருக்கவில்லை. வேகமாக ஓடுவாள் என்பதற்காக இரண்டாம் இடத்தில் ஆடியவள் அவள். ஆனால் தளத்தை அடைந்தால்தானே ஓட முடியும்? என் தாளில் அவள் எட்டாம் இடத்துக்கு இறங்கினாள். ஒன்பதாம் இடத்துப் பிள்ளை முதலாம் இடத்துக்கு ஏறினாள். எழுதி முடித்தபின் அந்தத் தாளை ஓரிரவு மேசையில் வைத்துவிட்டு யோசித்தேன். கிழித்துப் போட்டிருக்கலாம். எவருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் வாழ்நாள் முழுவதும் மற்றவர்களின் கணக்கைக் கேட்டு எழுதியவன், தன் வீட்டுக் கணக்கை மறைத்தால் எழுதியதெல்லாம் எதற்கு?

மறுநாள் தாளைப் பயிற்றுவிப்பாளரிடம் கொடுத்தேன். நல்ல மனிதர். ஊதியமின்றித் தன் மாலைகளைப் பிள்ளைகளுக்காகச் செலவழிப்பவர். அதற்காக அவரை மதிக்கிறேன். அவர் தாளைப் பார்த்தார். புன்னகைத்தார். மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, எண்கள் விளையாடுவதில்லை, பிள்ளைகள்தான் விளையாடுகிறார்கள் என்றார். சுற்றி நின்ற பெற்றோர் ஆமோதித்தார்கள். நம்மவர் ஒருவர் என் தோளில் கை வைத்து, "ஐயா, ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்றார்.

எண்கள் விளையாடுவதில்லைதான். வெப்பமானி காய்ச்சலை உண்டாக்குவதில்லை. தராசு அரிசியை விளைவிப்பதில்லை. அதற்காகக் கடைக்காரர் கண்மதிப்பில் அள்ளிக் கொடுத்தால் வாங்குவோமா? நான் எழுதிய எண்கள் வானத்திலிருந்து விழுந்தவை அல்ல. அந்தப் பிள்ளைகள் ஆடியதைத்தான் எழுதினேன். ஏட்டுச் சுரைக்காய் என்பது வழக்கத்தின் வரிசைதான். எவரோ எப்போதோ எழுதி வைத்ததை இவர்கள் பாராமலே ஒப்புவிக்கிறார்கள். என் கொப்பியில் இருந்தது தோட்டத்தில் காய்த்த சுரைக்காய்.

"கண்ணால் பார்த்தாலே தெரியும்" என்பது இரண்டாவது பதில். கண் எதைப் பார்க்கும் என்பதை நான் அறிவேன். விளையாட்டுப் பக்கம் எழுதிய காலத்தில் என் கண்ணும் அதைத்தான் பார்த்தது. பெரிய உடலைப் பார்க்கும். நீண்ட அடியைப் பார்க்கும். சத்தமிடும் தகப்பனைப் பார்க்கும். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. பயிற்றுவிப்பாளர் தம் மகளை வேண்டுமென்றே முன்னால் நிறுத்தினார் என்று நான் சொல்லவில்லை. அவர் மனமறிந்து அநீதி செய்யவில்லை; அதுதான் ஆபத்து. மனமறிந்து செய்பவனைக் கேள்வி கேட்கலாம். தன் கண்ணை நம்பிச் செய்பவனுக்குக் கேள்வியே புரியாது. அறுபது ஆண்டுகளாக ரொபின்சன் போன்றவர்களை வெளியே நிறுத்தி வைத்திருந்த கனவான்களும் தங்கள் கண்ணையே நம்பியிருந்தார்கள்.

மூன்றாவதாக ஒருவர் நம் ஊர்ப் பெருமையையே ஆயுதமாக எடுத்தார். "1996 இலை ஜயசூரியாவையும் களுவிதாரணவையும் முன்னுக்கு அனுப்பினது எந்தக் கொம்பியூட்டர், ஐயா? துணிவுதானே!" என்றார். துணிவுதான், ஆனால் எதன்மேல் நின்ற துணிவு? முதல் பதினைந்து ஓவர்களில் வட்டத்துக்கு வெளியே இருவர் மட்டுமே நிற்கலாம் என்று விதி இருந்தது. அந்த ஓவர்களில் தூக்கியடிக்கும் பந்துக்குக் கிடைக்கும் விலை அதிகம். ஆயினும் உலகமே விக்கெற்றைக் காத்துக்கொண்டு நிதானமாகத் தொடங்கியது, அதுவே வழக்கம். விதியைக் கணக்குப் பார்த்து வழக்கத்தை மீறியதே இலங்கை அணியின் சாதனை. அது என் கட்சிக்கான சாட்சி, அவர் கட்சிக்கானதன்று. இன்னொன்றையும் அவருக்கு நினைவூட்டினேன். அரையிறுதியில் ஜயசூரிய எடுத்தது 1, களுவிதாரண 0. இறுதியாட்டத்தில் 9, 6. இரண்டு பெரிய ஆட்டங்களிலும் இருவரும் சேர்ந்து எடுத்தவை பதினாறே ஓட்டங்கள். கண்ணால் பார்த்த கடைசி இரண்டு ஆட்டங்களை வைத்துத் தீர்ப்பளித்தால் இருவரையும் பின்வரிசைக்குத் தள்ளியிருக்க வேண்டும். தொடரின் சிறந்த வீரராகத் தேர்வானவர் அதே ஜயசூரிய.

தரப்படுத்தலும் எண்கள்தானே?

நான்காவது பதிலே என்னை உறங்கவிடாமல் செய்தது. சொன்னவர் என் வயதையொத்தவர், யாழ்ப்பாணத்தில் படித்தவர். வீட்டுக்குத் திரும்பும் வழியில் அமைதியாகச் சொன்னார்: "எண்களை நம்பச் சொல்லி எங்களுக்குச் சொல்லாதேயும். தரப்படுத்தலும் எண்கள்தானே?"

பதில் சொல்லக் கடமைப்பட்ட கேள்வி அது. 1970களின் தொடக்கத்தில் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் என்ற பெயரில் நடந்தது என்ன என்பதை நம் தலைமுறைக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் அங்கே நம்மை வஞ்சித்தது மாணவர் எழுதிப் பெற்ற புள்ளியா? அல்ல. பெற்ற புள்ளியை அப்படியே நிற்க விடாமல், முடிவை முதலில் தீர்மானித்துவிட்டு, அந்த முடிவு வரும்வரை எண்ணை வளைத்ததே வஞ்சகம். நாம் அன்று கேட்டது எண்களை எறியுங்கள் என்றா? எழுதிய புள்ளியை எழுதியபடி எண்ணுங்கள் என்றுதானே கேட்டோம்? எண்ணுவதற்கும் எண்ணை வளைப்பதற்கும் உள்ள வேறுபாட்டை நம்மைவிட அதிக விலை கொடுத்துக் கற்றவர்கள் யார்? அப்படிக் கற்றவர்கள், வேலியோரத்தில் ஒரு பிள்ளையின் கணக்கை எண்ணாமல் விடுவதை விளையாட்டுத்தானே என்று சிரித்துத் தள்ளலாமா?

நான் ஒப்புக்கொள்பவை

எதிர்த்தரப்பில் உள்ள நியாயங்களை மறைப்பது என் வழக்கமன்று. நான்கை ஒப்புக்கொள்கிறேன்.

ஒன்று: வரிசையை மாற்றுவதால் மலை புரளாது. சரியான வரிசைக்கும் வழக்கமான வரிசைக்கும் இடையே பெரிய லீக் அணியொன்றுக்கு ஆண்டு முழுவதும் பத்துப் பதினைந்து ஓட்டங்களே வித்தியாசம். ஏறத்தாழ ஒரு வெற்றி. வரிசை மாறினால் கிண்ணம் வரும் என்று சொல்பவர் வியாபாரி.

இரண்டு: சில வாரக் கணக்கை வேதவாக்காகக் கொள்ளக்கூடாது. ஒரு நாணயத்தை முப்பது முறை சுண்டினால் தலை பன்னிரண்டு முறையும் விழலாம், பதினெட்டு முறையும் விழலாம், இரண்டுமே அதிசயமல்ல. ஆகவே முப்பது முறை ஆடிய ஒரு பிள்ளையின் எண்ணை அப்படியே கொள்ளாமல், அணியின் சராசரியை நோக்கிச் சற்று இழுத்தே மதிப்பிட வேண்டும். என் பேத்திக்கும் அந்தச் சலுகை உரியது. ஆனால் சிறு கணக்கு நிச்சயமற்றது என்பவர்கள், கணக்கே இல்லாத நினைவு மட்டும் நிச்சயமானது என்பது என்ன தருக்கம்?

மூன்று: சொஃப்ட்போல் பேஸ்போலன்று. தளங்கள் நெருக்கமானவை. மெல்லத் தட்டிவிட்டு ஓடுவதற்கு இங்கே அதிக மதிப்பு உண்டு. சிறுவர் ஆட்டத்தில் பந்தைத் தட்டிவிட்டாலே எதிரணியின் தவறால் தளம் கிடைப்பதும் அதிகம். அதனால்தான் தவறால் கிடைத்த தளங்களையும் என் கொப்பியில் சேர்த்தே எண்ணினேன். பெரியவர்களின் அட்டவணையைக் கண்ணை மூடிக்கொண்டு பிள்ளைகள்மீது பொருத்துவதும் வழக்கத்தைப் பொருத்துவது போன்ற மூடத்தனமே.

நான்கு: எண் பயிற்றுவிப்பாளரின் கொப்பியில் இருக்க வேண்டும், வேலியில் தொங்கக்கூடாது. கைத்தொலைபேசியில் புள்ளிவிபரத்தைத் தட்டிப் பார்த்துவிட்டுத் தம் பிள்ளையை எல்லோர் முன்னிலையிலும் கடிந்துகொள்ளும் தகப்பன்மாரையும் நான் அங்கே கண்டேன். அவர்களும் என் எதிரிகளே. முதலாவதாக நிற்க அஞ்சி நடுங்கும் பிள்ளையை எண்ணைக் காட்டி இழுத்துச் செல்லவும் கூடாது. அவளிடம் கேட்க வேண்டும்.

ஆனால் இந்த நான்கையும் கூட்டினாலும், எண்ணாதே என்ற விடை வரவில்லை. கவனமாக எண்ணு என்ற விடையே வருகிறது.

கடைசி ஆட்டம்

வரிசை மாறவில்லை. பருவத்தின் இறுதி ஆட்டத்தில், கடைசி இன்னிங்ஸில் ஓர் ஓட்டம் பின்தங்கியிருந்தோம். எட்டாவது பிள்ளை மூன்றாவது ஆட்டமிழப்பாக வீழ்ந்தாள். ஆட்டம் முடிந்தது. அடுத்ததாக ஆட வேண்டியவள் தலைக்கவசத்தோடும் துடுப்போடும் வேலியருகே நின்றிருந்தாள். ஒன்பதாவது பிள்ளை. அன்று அணியில் எல்லோரையும்விட ஒரு முறை குறைவாக ஆடியவள் அவளே. அவள் வந்திருந்தால் வென்றிருப்போமா? சொல்ல முடியாது, அப்படிச் சொன்னால் நானும் கண்ணை நம்பியவனாவேன். அவளுக்கு வர வேண்டிய முறைகள் பருவம் முழுவதும் வரவில்லை என்பதை மட்டும் சொல்ல முடியும். அதற்குக் கணக்கு இருக்கிறது.

அவளுடைய தாய் இரவு வேலைக்குப் போகும் அவசரத்தில் காரின் அருகே நின்றிருந்தார். பயிற்றுவிப்பாளரோடு கதைக்க அவருக்கு நேரமில்லை. ஒருவேளை கதைக்கும் தைரியமும் இல்லை. சத்தமிட ஆளில்லாத பிள்ளைக்காகச் சத்தமிடுவது எது? கொப்பியிலுள்ள ஒரு கோடுதான். அதிகாரமுள்ளவருக்கு எண்கள் தேவையில்லை. அவருடைய சொல்லே போதும். எண்கள் தேவைப்படுவது சொல்லுக்கு மதிப்பில்லாதவர்களுக்கு.

ஆகவே கனடாவிலும் இங்கிலாந்திலும் அவுஸ்திரேலியாவிலும் ஊரிலும் பிள்ளைகளை மைதானத்துக்கு அழைத்துச் செல்லும் பெற்றோரிடம் நான் கேட்பது ஒன்றே. ஒரு கொப்பி வாங்குங்கள். மூன்று நிரல்கள் போடுங்கள். உங்கள் பிள்ளைக்கு மட்டுமன்றி எல்லாப் பிள்ளைகளுக்கும் போடுங்கள். கணக்கு உங்கள் பிள்ளைக்கு எதிராக வந்தாலும் அழிக்காதீர்கள்.

தாளைப் பார்த்த என் பேத்தி என்னோடு இரண்டு நாட்கள் கதைக்கவில்லை. மூன்றாம் நாள் வந்து, தவறான பந்தை எப்படி இனம் காண்பது என்று அந்த ஒன்பதாவது பிள்ளையிடமே கேட்டுப் பழகுவதாகச் சொன்னாள். நான் புறப்பட்ட அன்று, "அம்மப்பா, கொப்பியை விட்டிட்டுப் போங்கோ" என்றாள்.

விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.